அக்கரையும் வருகையும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறிஸ்தவரின் காத்திருப்பு

கிறிஸ்து மீண்டும் வருவார் என்பதும், அந்நாளையும் நாழிகையையும் மனிதர் எவரும் அறியார் என்பதும், ஆகவே எப்போதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதும் கிறிஸ்தவத்தின் பெரும்பிரிவுகள் அனைத்துக்கும் பொதுவான மூன்று கொள்கைகளாகும். முதலிரண்டும் நம்பிக்கையின் எல்லைக்குள் நிற்பவை; மூன்றாவதோ, மக்கள் எந்த இரவில் கண்விழித்தார்கள், எந்த உடையை உடுத்தினார்கள், நோயாளியின் படுக்கையருகே என்ன செய்தார்கள் என்னும் புழக்கங்களாக வெளிப்படுவதால், வரலாற்று ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகும். கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கிறிஸ்தவர் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தினர். 2010ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி மலேசிய இந்தியருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்களாகவும் 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவராகவும் இருந்தனர். ஆயினும் இச்சிறு சமூகத்துக்குள் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன் சபையார், மெதடிஸ்டுகள், பெந்தெகொஸ்தேயினர் எனப் பல பிரிவினர் அடங்கியிருப்பதால், ஒரே போதனை எத்தனை வகையான பழக்கங்களாக உருக்கொள்ளும் என்பதை அறிய இப்பகுதி மிகப் பொருத்தமான களமாகிறது. ஒவ்வொரு பிரிவும் ஆயத்தம் என்பதற்குக் கொண்ட பொருளை, அப்பிரிவினர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினர், இங்கே என்ன தொழில் செய்தனர், எவ்வளவு காலம் தங்க எண்ணினர் என்ற மூன்றும் சேர்ந்தே வடிவமைத்தன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

சொற்களும் அவற்றின் பொருளும்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வழங்கும் 'பரூசியா' என்னும் சொல் உடனிருத்தலையும் வந்துசேர்தலையும் ஒருங்கே குறிப்பது. உரோமைப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் அரசனோ ஆளுநனோ ஒரு நகருக்கு எழுந்தருளுவதைக் குறிக்கவும் அச்சொல் வழங்கியது. அவ்வேளையில் நகரத்தார் கோட்டைவாயிலுக்கு வெளியே சென்று எதிர்கொண்டு அழைத்துவருவது மரபாக இருந்தது. இலத்தீனில் இது 'அத்வெந்துஸ்' ஆயிற்று. தமிழில் சீர்திருத்த சபையார் 'இரண்டாம் வருகை' என்றும், கத்தோலிக்கர் 'திருவருகை' என்றும் இதனை வழங்குவர். வருகையோடு இணைந்த நியாயத்தீர்ப்பைக் கத்தோலிக்கரின் பழைய நூல்கள் இரண்டாகப் பிரித்து, ஒருவர் இறந்தவுடன் அவருக்கு நிகழ்வதைத் 'தனித்தீர்வை' என்றும், உலக முடிவில் அனைவருக்கும் நிகழ்வதைப் 'பொதுத்தீர்வை' என்றும் பெயரிட்டன. இப்பிரிப்பு வெறும் சொல்விளக்கம் போலத் தோன்றினாலும், கத்தோலிக்கரின் ஆயத்தம் வேறு திசையில் வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாகும்.

ஆயத்தத்துக்கு மூலமாக எல்லாப் பிரிவினரும் எடுத்தாளுவது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமாகும். அவ்வதிகாரம் மூன்று பகுதிகளைக் கொண்டது. மணவாளன் வரத் தாமதித்தபோது விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த ஐந்து கன்னியரும் எண்ணெய் இல்லாமல் கதவடைக்கப்பட்ட ஐந்து கன்னியரும் முதற்பகுதியில் வருகின்றனர். தூரதேசம் சென்ற எஜமான் ஒப்படைத்த தாலந்துகளைப் பெருக்கிய ஊழியரும் நிலத்தில் புதைத்துவைத்த ஊழியனும் இரண்டாம் பகுதியில் வருகின்றனர். பசித்தோருக்கு உணவிட்டோரும் இடாதோரும் வலப்புறம் இடப்புறமாகப் பிரிக்கப்படுவது மூன்றாம் பகுதி. விழித்திருத்தல், உழைத்தல், இரங்குதல் என்னும் மூன்றும் அங்கே ஒரே பேச்சின் அடுத்தடுத்த கூறுகளாக நின்றாலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பிரிவும் அவற்றுள் ஒன்றை முன்னிறுத்தி மற்றவற்றைப் பின்னிறுத்தியது.

இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டிய இன்னொரு சொல் 'அக்கரை'. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மலாயா, பர்மா, இலங்கை முதலிய கடல்கடந்த நாடுகள் 'அக்கரைச் சீமை' எனப்பட்டன. தமிழ்க் கிறிஸ்தவப் பேச்சிலோ, யோர்தான் நதியைக் கடந்து வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குச் சென்ற பழைய ஏற்பாட்டுக் கதையின் வழியாக, அக்கரை என்பது மோட்சத்தையும் குறித்தது. புதிய ஏற்பாட்டு நிருபங்கள் விசுவாசிகளை இவ்வுலகில் பரதேசிகளாகவும் அந்நியராகவும் விளிக்கின்றன. ஊரைவிட்டு வந்து, சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு உழைத்த ஒருவருக்கு இவ்விளியை விளக்கத் தனிப் பிரசங்கம் தேவைப்பட்டிராது. ஓர் அக்கரையைக் கடந்துவந்தும் வீடு சேராதவரிடம் மற்றோர் அக்கரையைப் பற்றிப் பேசுவது எளிது.

செங்கல்லும் தண்டவாளமும்

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்த கட்டடங்களுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை, 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரயில்பாதை திறக்கப்பட்டு, 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானையும், 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் எட்டியபோது, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக மாறியது. தண்டவாளம் பதிக்கவும் பழுதுபார்க்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரும், கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணிபுரிய யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்றோரும் கொண்டுவரப்பட்டனர்.

கிள்ளானைச் சுற்றிய நிலங்களில் முதலில் காப்பியும், பின்னர் இரப்பரும் பயிரிடப்பட்டன. ஒப்பந்தத்தால் கட்டுண்ட சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டபின்னும் கங்காணிகள் எனப்பட்ட மேற்பார்வையாளர் ஆள்சேர்த்து அழைத்துவருவது தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்றுக் குடிபெயரும் தொழிலாளரைத் தடைசெய்தபோதே அவ்வரவு நின்றது. இவ்வாறு வந்தோருள் கிறிஸ்தவர் சிறுபகுதியினர். அவர்கள் வந்த ஊர்களின் சபைகள் எவையோ அவற்றின் நாட்காட்டியையும் பாட்டுப்புத்தகத்தையும் செபநூலையும் தங்களோடு கொண்டுவந்தனர். தோட்டத் தொழிலாளி விடியுமுன் எழுந்து, பெயர் கூப்பிடும் 'பெரட்டு'க்கு நிற்க வேண்டியிருந்தது. இரயில்வே ஊழியரின் நாள் மணிக்கணக்கால் ஆளப்பட்டது. விழித்திருத்தலும் நேரம் தவறாமையும் இவ்விரு சாராருக்கும் முதலில் தொழிலின் கட்டளைகளாகவே அறிமுகமாகியிருந்தன.

நாட்காட்டியில் அமைந்த ஆயத்தம்: லுத்தரன் மரபு

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவின் பணியிலிருந்து கிளைத்த தமிழ் லுத்தரன் மரபு, ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், சுவீடன் திருச்சபை மிஷன் ஆகியவற்றின் ஆதரவில் வளர்ந்து, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைப்புப் பெற்றது. அம்மரபைச் சேர்ந்தோர் மலாயாவுக்குக் குடிபெயர்ந்தபோது, 1907இல் கோலாலம்பூரில் தமிழ் லுத்தரன் சபை உருவாயிற்று. 1924இல் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம் எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் மலேசிய லுத்தரன் சபை தரங்கம்பாடித் தலைமையிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது.

இம்மரபில் ஆயத்தம் என்பது முதன்மையாகத் திருச்சபை ஆண்டின் ஒழுங்காகும். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைத் தமிழ்ச் சபைகள் அட்வெந்து என்றும் வருகையின் காலம் என்றும் அழைக்கின்றன. அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே அமையும். இக்காலத்தைப் பலர் கிறிஸ்துமஸ் ஏற்பாட்டுக்குரிய காலமாக மட்டுமே கருதினாலும், வாசிப்புப் பகுதிகளுள் உலக முடிவையும் நியாயத்தீர்ப்பையும் பற்றியவை இடம்பெறுவது, இதன் தொடக்கநிலைப் பொருளை நினைவூட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிளேர்வோ நகர்ப் பெர்நார்து, கிறிஸ்துவின் வருகையை மூன்றாகப் பகுத்து, பெத்லகேமில் நிகழ்ந்தது முதலாவது என்றும், காலமுடிவில் நிகழவிருப்பது இறுதியானது என்றும், இவ்விரண்டுக்கும் இடையே ஒவ்வோர் உள்ளத்திலும் மறைவாக நிகழ்வது நடுவானது என்றும் விளக்கினார். நாட்காட்டி வழியிலான ஆயத்தம் இந்த நடுவான வருகையையே மையமாகக் கொண்டது.

லுத்தரன் பக்தி மரபில் பத்துக் கன்னியர் உவமைக்குத் தனிச்சிறப்பு உண்டு. ஜெர்மனியின் உன்னா நகரில் கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்ட நாள்களில் அங்கே குருவாக இருந்த பிலிப் நிக்கோலாய், அவ்வுவமையை அடிப்படையாகக் கொண்டு இயற்றிய பாடல் 1599இல் வெளிவந்து, திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறுக்குரிய பாடலாக நிலைபெற்றது. ஜெர்மன் சபைப்பாடல்களை மெட்டு மாறாமல் தமிழாக்கும் முயற்சி தரங்கம்பாடியில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் யோவான் பிலிப் பாப்ரிசியுவின் கைகளில் செழுமை பெற்றது. இவ்வகைப் பாடல்கள் 'ஞானப்பாட்டு' எனப்பட்டன. கர்நாடக இசையில் அமைந்த 'கீர்த்தனை' இதற்கு மாறான மரபு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து வெளியிட்டபின் அவை எல்லாச் சபைகளிலும் பரவின. கப்பலேறியவருடைய பெட்டியில் இருந்திருக்கக்கூடிய புத்தகங்களுள் பாட்டுப்புத்தகமே, எழுத்தறியாதோரும் மனப்பாடத்தால் உடைமையாக்கிக் கொள்ளக்கூடியதாக இருந்தது.

இரவில் அமைந்த ஆயத்தம்: மெதடிஸ்ட் மரபு

மலாயாவின் மெதடிஸ்ட் சபை இந்தியாவின் வழியாக வந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய பணி, தென்னிந்திய மெதடிஸ்ட் மாநாட்டின் நீட்சியாகவே முதலில் அமைந்தது. 1896, 1897 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூரில் முறையே மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியும் ஆண்கள் பள்ளியும் தோன்றின. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உருவான தமிழ் மெதடிஸ்ட் சபைகளில் யாழ்ப்பாணத்தார் குறிப்பிடத்தக்க இடம் வகித்தனர். 1968இல் மலேசிய, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை அமெரிக்கத் தலைமையிலிருந்து விடுபட்டபோது தமிழ்ச் சபைகளுக்கெனத் தனி ஆண்டு மாநாடு அமைக்கப்பட்டது.

இச்சபைகளின் வழியாகப் பரவிய முக்கியமான வழக்கம், டிசம்பர் 31 இரவு நடைபெறும் விழிப்பு ஆராதனையாகும். இதன் வேர் இரு இடங்களில் உள்ளது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் குடியேறிய மொராவியச் சகோதரர் 1730களில் ஆண்டின் கடைசி இரவைக் கூடிச் செபித்துக் கழிக்கலாயினர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வுட்டில், சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்துவந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மனந்திரும்பியபின், அதே இரவுகளை ஆலயத்தில் பாடியும் செபித்தும் கழித்ததை ஜான் வெஸ்லி கண்டு, பழங்காலத் திருச்சபையின் இரவுக் காவலோடு அதனை ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டார். 1742இல் இலண்டனிலும் அதனைத் தொடங்கினார். மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் அது நடத்தப்பட்டது. நள்ளிரவு கடந்து வீடு திரும்புவோருக்கு நிலவொளி வழிகாட்டும் என்பதே அத்தேர்வின் காரணம். பிற்காலத்தில் மாதவழக்கம் மறைந்து, ஆண்டிறுதி இரவு மட்டும் எஞ்சியது. தரங்கம்பாடியிலேயே 1760 முதல் மொராவியர் சில பதின்ம ஆண்டுகள் தங்கியிருந்தனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மலேசியத் தமிழ்ச் சபைகளில் இவ்விரவு மெதடிஸ்டுகளின் எல்லையைக் கடந்து பொதுவழக்காகிவிட்டது. பழைய ஆண்டின் கடைசி மணிநேரத்தில் கூடி, கடந்த ஆண்டுக்கு நன்றி கூறி, நள்ளிரவை முழங்காலில் எதிர்கொண்டு, பின்னர் வாழ்த்துக் கூறிப் பிரிவது இதன் பொதுவடிவம். புத்தாண்டுக்கென ஒவ்வொருவரும் ஒரு வேதவசனத்தை 'வாக்குத்தத்த வசனம்' எனப் பெற்றுக்கொள்ளும் பழக்கமும் பரவலாக உண்டு. 1731 முதல் ஆண்டுதோறும் மொராவியர் அச்சிட்டுவரும் நாள்வசனத் தொகுப்பை இது நினைவூட்டுகிறது. உவமையில் மணவாளன் நள்ளிரவில் வருவதால், நாட்காட்டி மாறும் நொடியை அவ்வருகையின் ஒத்திகையாக மாற்றியதே இவ்வழக்கத்தின் நுட்பம். வருகை நிகழாமல் விடிந்தபோது ஏமாற்றம் எழவில்லை; ஏனெனில் அந்நொடிக்கென ஒரு பயன், அதாவது புதிய ஆண்டு, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்தாரிடம் இதற்கு மற்றொரு முகமும் இருந்தது. கிறிஸ்துவின் வருகையோடு தொடர்புடைய ஆயிரமாண்டு அரசாட்சியைக் குறித்து இறையியலாரிடையே இரு கொள்கைகள் உண்டு: நற்செய்தியாலும் கல்வியாலும் உலகம் படிப்படியாகச் சீர்பெற்று அவ்வரசாட்சி நிறைவேறியபின் கிறிஸ்து வருவார் என்பது ஒன்று, உலகம் மேன்மேலும் சீர்கெட, அவர் வந்தே அவ்வரசாட்சியைத் தொடங்குவார் என்பது மற்றொன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகத்தையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் நிறுவிய அமெரிக்க மிஷனார் முந்திய கொள்கையின் சூழலில் வளர்ந்தோர். பள்ளி கட்டுவதே அவர்களுக்கு வருகைக்குப் பாதை செப்பனிடுவதாயிற்று. அப்பள்ளிகளின் வழிவந்தோர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறியபோது, தாலந்து உவமையின் உண்மையுள்ள ஊழியனை ஒத்த உழைப்பும் சிக்கனமும் பிள்ளைகளின் படிப்பும் ஆயத்தத்தின் அன்றாட வடிவங்களாயின. வருகையைப் பற்றிக் குறைவாகப் பேசிய இச்சமூகம் அதனை மறந்திருந்தது என்று கூறுவதற்கில்லை.

படுக்கையருகே அமைந்த ஆயத்தம்: கத்தோலிக்க மரபு

கோலாலம்பூரின் கத்தோலிக்கப் பங்கு 1883இல் புக்கிட் நானாஸ் குன்றில், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த குருக்களால் தொடங்கப்பட்டது. மொழியை ஒட்டி ஆலயங்கள் பிரிந்தபோது, பிரிக்பீல்ட்ஸின் செபமாலை மாதா ஆலயம் சீனக் கத்தோலிக்கருக்காகவும், 1910ஐ ஒட்டிப் புடு பகுதியில் எழுந்த புனித அந்தோனியார் ஆலயம் தமிழருக்காகவும் அமைந்தன. கிள்ளானின் லூர்து மாதா ஆலயம் 1928இல் கட்டப்பட்டது. 1955இல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானபோது இலங்கையில் பிறந்த டொமினிக் வெண்டர்கோன் அதன் முதல் ஆயரானார்.

தனித்தீர்வை என்னும் கருத்து வலுவாக இருந்த இம்மரபில், ஒவ்வொருவரின் மரணமே அவருக்குரிய வருகையாகக் கருதப்பட்டது. மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கு இறுதிக் காரியங்களைத் தியானிப்பதும், பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்குவதும், சாகும் நிலையில் உள்ளவருக்குக் குருவை அழைத்து 'அவஸ்தை பூசுதல்' செய்விப்பதும் ஆயத்தத்தின் செயல்களாயின. குரு வருமுன் உயிர் பிரிவது குடும்பத்துக்குத் தீராத மனக்குறையாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் இவ்வருட்சாதனம் 'நோயிற்பூசுதல்' எனப் பெயர்மாறி, சாவோருக்கு மட்டுமன்றி நோயுற்றோர் அனைவருக்கும் உரியதாயிற்று. நல்மரணத்தின் பாதுகாவலராகப் புனித சூசையப்பரை வணங்குவது பொதுவழக்கு. அவரை 'வளன்' என்னும் பெயரில் காவியத் தலைவராக்கி வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியால் தமிழருக்கு அவ்வணக்கம் இலக்கியச் சிறப்பும் பெற்றது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் துப்புரவாக்கி, மெழுகுவத்தி ஏற்றி, குருவைக் கொண்டு மந்திரிக்கும் வழக்கம் உயிரோரின் ஆயத்தத்தை இறந்தோர்க்கான வேண்டுதலோடு பிணைத்தது.

வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்கள் வருகையின் மற்றொரு பக்கத்தையும் முன்னே கொண்டுவந்தன. 1960களின் நடுப்பகுதியிலிருந்து பூசை தமிழில் நடைபெறத் தொடங்கியபின், நற்கருணை மன்றாட்டின் நடுவே கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் மறுவருகையையும் மக்கள் ஒரே குரலில் அறிக்கையிடும் பகுதி இடம்பெற்றது. அதற்கு முன் இலத்தீன் பூசையின்போது செபமாலை சொல்லிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளியும் பொதுத்தீர்வைக்குரிய எதிர்பார்ப்பை வாரந்தோறும் தன் மொழியில் உரக்கச் சொல்லலானார்.

எந்நொடியும் என்னும் ஆயத்தம்: எழுப்புதல் மரபு

மேற்கூறிய மூன்று மரபுகளும் ஆயத்தத்துக்கு ஒரு காலத்தையோ இரவையோ வாழ்வின் கட்டத்தையோ ஒதுக்கின. நான்காவது மரபு அவ்வொதுக்கீட்டையே மறுத்தது. ஆங்கிலேயப் பிளிமத் சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விளக்கத்தின்படி, வருகை இருகட்டங்களில் நிகழும்: முதலில் உண்மை விசுவாசிகள் மட்டும் திடீரென வானத்தில் எடுத்துக்கொள்ளப்படுவர், பின்னர் உபத்திரவகாலம் கடந்து, எல்லோரும் காணும்படி கிறிஸ்து வருவார். முதற்கட்டத்தைத் தமிழில் 'இரகசிய வருகை' என்பர். அதற்கு முன்னர் நிறைவேற வேண்டிய அடையாளம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதால், எந்நொடியும் அது நிகழலாம் என்ற அவசரம் இக்கொள்கையின் உயிர்நாடியாயிற்று.

தமிழகத்துக்கு இம்மரபு மிக முன்னதாகவே வந்தது. பிளிமத் சகோதரருள் மூத்தவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தபின் அவரோடு பழகிய திருநெல்வேலி உபதேசியார் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867), கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை நிறுவி, வெளிநாட்டுச் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்தார். 1860இல் அவர் சபைகளில் எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் வெளிப்பட்டன. அவ்வலை திருவிதாங்கூரை எட்டியபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1881இல் கிறிஸ்து வருவார் என அறிவித்தார்; அவ்வாண்டு கடந்தபின் அவரைப் பின்பற்றியோர் சிறு கூட்டமாகச் சுருங்கினர். 1844ஆம் ஆண்டைக் குறித்து அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கூறியது பொய்த்தபின், மில்லரைப் பின்பற்றியோரின் ஒரு பகுதியிலிருந்து உருவான ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையோ, நாள் குறிப்பதைக் கைவிட்டு, ஓய்வுநாளையும் உணவொழுக்கத்தையும் மருத்துவத்தையும் பற்றிக்கொண்டு உலகெங்கும் பரவியது. 1908இல் அதன் ஊழியர் ஜே. எஸ். ஜேம்ஸ் நாசரேத்தையடுத்த பிரகாசபுரத்தில், முன்னரே சனிக்கிழமையை அனுசரித்துவந்த தமிழ்க் கிறிஸ்தவரிடையே பணியைத் தொடங்கினார்.

மலாயாவில் இம்மரபின் ஆழமான தடத்தைப் பதித்தது சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் பிறந்து கொழும்பில் கிறிஸ்தவரான இராமன்குட்டி என்னும் பால் பாஸ்டர், ஆல்வின் டி அல்விஸ் முதலியோரோடு 1924இல் நிறுவிய இச்சபை, 1930களில் மலாயாவுக்கு ஊழியரை அனுப்பியது. அதன் முழுநேர ஊழியர் திருமணம் செய்யாமல், தனிச்சொத்து வைத்துக்கொள்ளாமல், வெள்ளுடை உடுத்தி, 'விசுவாச வீடு' எனப்படும் கூட்டில்லத்தில் வாழ்ந்தனர். நோய்க்கு மருந்தை நாடாமல் செபத்தையே நம்பினர். மணவாளனுக்காகக் காத்திருக்கும் மணவாட்டியே சபை என்னும் உருவகம் இங்கே உடையாகவும் உறைவிடமாகவும் கண்முன் நின்றது. கிராணி தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பி ஆயத்தப்பட்ட அதே காலத்தில், விசுவாச வீட்டு ஊழியர் உடைமையைத் துறந்து ஆயத்தப்பட்டார்; இருவரும் ஒரே அதிகாரத்தின் இருவேறு உவமைகளை வாழ்ந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் வாழ்ந்த தமிழர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, பூச்சோங் முதலிய புறநகர்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். அவர்களிடையே தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகள் கடைவீடுகளின் மேல்மாடிகளில் பெருகின. உபவாச செபமும், பெரும்பாலும் வெள்ளி இரவுகளில் நடைபெறும் முழு இரவு செபமும் அவற்றின் அடையாளங்கள். சனிக்கிழமை இரவுகளில் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர் கூடியதற்கும், வாரம் முழுதும் உழைத்தோர் கிள்ளானின் மேல்மாடியில் விழித்திருப்பதற்கும் நேரடித் தொடர்ச்சி காட்ட இயலாவிட்டாலும், உடலுழைப்பாளர் தமக்கென எஞ்சிய ஒரே பொழுதான இரவையே காணிக்கையாக்கினர் என்னும் ஒப்புமை கருதத்தக்கது.

நாள் குறித்தலும் நாள் கடத்தலும்

நாள் குறிக்கும் ஆவல் உலகில் ஓய்ந்ததில்லை. தென்கொரியாவின் தாமி இயக்கம் 1992ஆம் ஆண்டு அக்டோபர் 28ஐயும், அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ஹெரால்ட் கேம்பிங் 2011ஆம் ஆண்டு மே 21ஐயும் குறித்தனர். குறித்த நாள்களை நம்பி வேலையையும் சேமிப்பையும் விட்டவர்களின் துயரம் பின்னர்ச் செய்தியாயிற்று. வருகை நெருங்கிவிட்டது எனக் கருதி உழைப்பைக் கைவிட்டோரைத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் கண்டிப்பதால், இச்சிக்கல் திருச்சபையின் முதல் நூற்றாண்டுக்கே உரிய பழமையுடையது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பாலான சபைகளை இச்சிக்கலிலிருந்து காத்தது அவற்றின் போதனையைவிடப் பழக்கமே எனலாம். பழக்கம் நிலைபெற்றதற்குச் சான்று 2020இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வழிபாட்டுத்தலங்கள் மூடப்பட்டபோது, கொள்ளைநோயை இறுதிக்காலத்தின் அடையாளமாகக் கொள்ளும் பேச்சு உலகெங்கும் கிறிஸ்தவரிடையே பரவியது. ஆயினும் அவ்வாண்டின் உயிர்த்தெழுந்த ஞாயிறையும் கடைசி இரவையும் பல குடும்பங்கள் வீட்டில் திரையின் முன் அமர்ந்தேனும் அனுசரித்தன. உன்னா நகரில் கொள்ளைநோய் பாடலாக மாறியதைப்போல, இங்கும் அச்சம் ஏற்கெனவே இருந்த ஒரு வழிபாட்டுக்குள் இடம்பெற்று அடங்கியது.

இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. திரும்பிச் செல்ல எண்ணி வந்தவர்களின் தலைமுறையே 1924இல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சீயோன் ஆலயத்தையும், 1928இல் கிள்ளானின் லூர்து மாதா ஆலயத்தையும் எழுப்புவதில் பங்குகொண்டது. எந்நாளும் முடிந்துவிடக்கூடிய உலகில் நெடுநாள் நிற்கும் கட்டடம் எதற்கு என்ற கேள்வி அவர்களைத் தடுக்கவில்லை. அக்கரைச் சீமை சொந்த ஊராக மாறிய காலமும் ஆலயங்கள் எழுந்த காலமும் ஒன்றாகவே அமைந்தன. பரதேசி என்னும் சொல் குடியேற்ற நிலையைக் குறிப்பதிலிருந்து விலகி, இங்கே பிறந்து இங்கேயே அடக்கமாகும் மனிதரின் ஆன்மிக நிலையை மட்டும் குறிக்கலாயிற்று.

பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் 2001 முதல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் இயங்குகிறது. தமிழில் இரயில் நிலையத்துக்கு வண்டி வந்துசேர்வதும் 'வருகை'யே, கிறிஸ்து வந்துசேர்வதும் 'வருகை'யே. வண்டிகளின் வருகையை மணிக்கணக்கில் பதிவதைத் தொழிலாகக் கொண்ட இரயில்வேக் குடும்பங்கள், அட்டவணையில் அடங்காத ஒரு வருகைக்காக ஞாயிறுதோறும் அதே குடியிருப்பின் ஆலயங்களில் கூடின. வண்டி தாமதமாகும்போது விளக்கை அணைக்காமல் நடைமேடையில் நிற்பது நிலைய ஊழியரின் கடமை. உவமையின் கன்னியரிடம் எதிர்பார்க்கப்பட்டதும் அவ்வளவே.